குடவோலை பேசும் நாம் ஊர்வாக்கு கேட்க வேண்டாமா?

ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் நடைபெறும் பேச்சுப் போட்டிகளில் நடுவராக அமர்வோர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. தமிழர் பெருமை என்னும் தலைப்புக் கிடைத்துவிட்டால், உத்திரமேரூருக்கு ஒருமுறை போய்வராமல் நம் மாணவர்கள் மேடையை விட்டு இறங்குவதில்லை. உலகுக்கே மக்களாட்சியைக் கற்பித்தவன் தமிழன் என்றும், குடத்தில் ஓலையிட்டு ஆள்வோரைத் தேர்ந்தெடுத்தவன் தமிழன் என்றும் அவர்கள் முழங்கும்போது அவையோர் கைதட்டுகிறார்கள். நடுவர்கள் மதிப்பெண் வழங்குகிறார்கள். நானும் வழங்கியிருக்கிறேன். அத்தகைய உரைகள் சிலவற்றை எழுதிக் கொடுத்த குற்றமும் என்னைச் சாரும்.

சில ஆண்டுகளுக்கு முன் கம்போங் மேடான் வட்டாரத்தில் அத்தகைய போட்டியொன்று நடந்தது. முந்திய நாள் பெய்த மழையில் மண்டபத்து வாயிலோரக் கால்வாய் அடைத்துக்கொண்டு, கறுத்த நீர் பாதையெங்கும் தேங்கி நின்றது. தாய்மார்கள் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அந்நீரைத் தாண்டி வந்தார்கள். குடவோலை முறையை மணிமணியாய் எடுத்துரைத்து முதற்பரிசு பெற்ற ஆறாம் ஆண்டு மாணவனை அருகழைத்துப் பாராட்டினேன். பின்பு, "தம்பி, வாசலில் இருக்கும் இந்தக் கால்வாயைத் தூர்வாரச் செய்ய வேண்டியவர் யார்? அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார்?" என்று கேட்டேன். பிரதமர் பெயரும் மந்திரி பெசார் பெயரும் அறிந்திருந்த அப்பிள்ளை, "தெரியாதுங்க ஐயா" என்றான்.

உடனிருந்த ஆசிரியர் மூவரையும் கேட்டேன். "மாநகர் மன்றத்தார்தாம்" என்றார் ஒருவர். அம்மன்றத்தில் நம் பகுதிக்குரிய உறுப்பினர் யார் என்று வினவினேன். விடையில்லை. எனக்கும் விடை தெரியாது என்பதுதான் அன்றைய பெரிய வெட்கம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய சோழர் காலத்து வாரியங்களின் பெயர்களை ஒப்பிக்கத் தெரிந்த எங்களுக்கு, எங்கள் வீட்டுக் குப்பையை அள்ளுவதற்குப் பொறுப்பானவர் யாரென்று தெரியவில்லை. தெரியாமற் போனதற்குக் காரணம் வெறும் அசட்டை மட்டுமன்று. அவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்காதவரை யார் நினைவில் வைப்பார்?

எனவே, என் கட்சியை முதலிலேயே கூறிவிடுகிறேன். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் மீண்டும் நடைபெறல் வேண்டும். அதனைக் கேட்பதில் தமிழ்ச் சமுதாயம் பின்வரிசையில் ஒளிந்து நிற்றல் ஆகாது. குறிப்பாக, குடவோலையை வாய் மணக்கப் பேசும் தமிழாசிரியர் உலகம் இதில் ஊமையாய் இருத்தல் ஆகவே ஆகாது. இஃது எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கும் எழுத்தன்று. இவ்வுரிமையைப் பறித்ததிலும், பறித்ததைத் திருப்பித் தராததிலும் இருதரப்புக் கட்சிகளுக்கும் பங்குண்டு என்பதை மேலே காண்போம்.

குடவோலை சொல்லும் உண்மை

முதலில் நம் பெருமையையே சற்று உரைத்துப் பார்ப்போம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை; கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஆக, அது வாக்குப் பதிவன்று, திருவுளச் சீட்டு. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடைய, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதினரே ஓலையில் இடம்பெறலாம். அஃது அந்தணர் சபை. உழுதவனுக்கும் பறையடித்தவனுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை, பெண்டிர்க்கும் இல்லை. இந்நாட்டுக்குப் பால்மரம் வெட்ட வந்த நம் பாட்டன்மாரில் மிகப் பலர் அக்காலத்து உத்திரமேரூரில் பிறந்திருந்தால், குடத்தின் அருகே கூட நின்றிருக்க முடியாது. இதனை நம் மாணவரிடம் சொல்லாமல் மறைப்பது கல்வியாகாது.

ஆயினும் அக்கல்வெட்டில் நாம் பொன்னெனப் போற்ற வேண்டிய கூறுகள் உண்டு. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். குற்றம் காணப்பட்டவன் உடனே நீக்கப்பட்டான். அண்மையில் வாரியம் செய்தவன் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வர இயலாது. ஏரியைக் காக்க 6 பேர், தோட்டத்தைக் காக்க 12 பேர் எனப் பொறுப்பு பிரிக்கப்பட்டிருந்தது. நீர்நிலை யார் கையில், கணக்கு யார் கையில் என்பதை ஊர் அறிந்திருந்தது. கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அறிந்திருந்தது. இன்று நம் கம்பத்தில் அந்த அறிவு உண்டா என்பதே என் வினா.

இருந்ததை இழந்த வரலாறு

நம்மில் இளையோர் பலர், ஊராட்சித் தேர்தல் என்பது ஏதோ புதிதாகக் கேட்கப்படும் சலுகை என்று எண்ணுகின்றனர். அன்று, அது நாம் வைத்திருந்து இழந்த பொருள். நாடு விடுதலை பெறும் முன்னரே, 1950இல் ஊராட்சித் தேர்தலுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரி 16இல் கோலாலம்பூரிலும் நகராண்மைக் கழகத் தேர்தல்கள் நடைபெற்றன. பங்சார், செந்தூல், இம்பி, பெட்டாலிங் என நான்கு தொகுதிகள், 12 இடங்கள். அதற்குமுன் நாடாளுமன்றத் தேர்தல் என்பதையே இந்நாடு கண்டதில்லை. முதல் கூட்டரசுத் தேர்தல் 1955இல்தான் வந்தது. மலாயா மக்கள் வாக்களிக்கக் கற்றுக்கொண்ட அரிச்சுவடி ஊராட்சித் தேர்தலே.

அந்த அரிச்சுவடி எவ்வாறு மூடப்பட்டது? தலைநகரில் முதலில் மூடப்பட்டது. 1960ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின் வழி, 1961 ஏப்ரலில் கோலாலம்பூரின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் நீக்கப்பட்டு ஆணையர் ஆட்சி வந்தது. பின்னர் இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965 மார்ச்சில், அவசரகால விதிகளின்கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நிறுத்தி வைப்பதாகத்தான் சொன்னார்கள்; அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்றே துங்குவின் அரசு உறுதி கூறிற்று. 1966இல் மோதல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

சில மன்றங்களில் முறைகேடு நடந்ததாகப் புகார்கள் எழுந்தமையால், 1965இலேயே அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன், தமிழர், வழக்கறிஞர், ம.இ.கா.வின் தலைவர்களுள் ஒருவர். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி அம்மையாரின் கணவர். அவர் ஆளுங்கூட்டணியைச் சேர்ந்தவர். ஆளுங்கட்சிக்கு இனிக்கும் முடிவை எழுதித் தந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் இருந்தபோதிலும், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஊராட்சியே மீண்டும் வேண்டும் என்று அவ்வாணையம் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை 1971இல் வெளியிடப்பட்டது. அதன் உயிர்நாடியான தேர்தல் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை.

அதன்பின் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வந்தது. அதன் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 10ஆம் பிரிவு, 8க்குக் குறையாமலும் 24க்கு மிகாமலும் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்க வழி செய்தது. தற்காலிகமாக நிறுத்தி வைத்தது நிலையாகவே நின்றுவிட்டது. பூட்டைக் கடன் கேட்டு வாங்கியவன் வீட்டையே பூட்டிக்கொண்டு போன கதை இது.

ஒரு கட்சியை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது என்றேன். 2008இல் சிலாங்கூரிலும் பினாங்கிலும் ஆட்சி மாறியது. பினாங்கு அரசு 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கென மாநிலச் சட்டமொன்றை நிறைவேற்றியது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்பதால் அது செல்லாதென்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. 2018இல் கூட்டரசிலும் ஆட்சி மாறிற்று. மூன்றாண்டுக்குள் தேர்தல் திரும்பும் என்றார் துறை அமைச்சர். அதே ஆண்டு டிசம்பரில், அது இனப்பூசலுக்கு வழிகோலும் என்று கூறிக் கதவைச் சாத்தினார் பிரதமர். எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது இனிக்கும் ஊர்வாக்கு, ஆட்சிக் கட்டிலில் ஏறியதும் கசந்துவிடுகிறது.

இன்றைய நிலையைத் தலைநகர்த் தமிழரைக் கொண்டு அளந்து பாருங்கள். கோலாலம்பூர் 1974 முதல் கூட்டரசுப் பிரதேசம். ஆகவே அங்கு வாழ்வோர்க்குச் சட்டமன்றத் தொகுதியும் இல்லை. பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் வாழும் நம்மவர், ஒரு பொதுத்தேர்தலில் இடக்கூடிய வாக்கு ஒன்றே ஒன்று. அவர்தம் நகரை ஆளும் டத்தோ பண்டாரோ நியமனத்தால் வருபவர். 1952இல் அவர்தம் பாட்டன் வைத்திருந்த ஊர்வாக்குப் பேரனிடம் இல்லை.

இனப்பகை மூளும் என்னும் அச்சுறுத்தல்

ஊராட்சித் தேர்தல் வேண்டா என்போர் எடுக்கும் முதல் ஆயுதம் இன அச்சம். நகரங்கள் ஓரினத்தின் கையிற் போய்விடும், மற்றோரினம் வெகுளும், 1969 மே 13 மீண்டும் வரும் என்கிறார்கள். இக்கூற்றை வரலாற்றின் முன் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வோம்.

1969 மே 13 நிகழ்ந்தபோது இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் இருந்ததா? இல்லை. நிறுத்தப்பட்டு நான்காண்டுகள் கடந்துவிட்டன. அக்கொடுமை நிகழ்ந்தது பொதுத்தேர்தலை ஒட்டி. அதற்காகப் பொதுத்தேர்தலை ஒழித்தோமா? முடக்கப்பட்ட நாடாளுமன்றம் 1971இல் மீண்டும் கூடிற்று. 1974இல் அடுத்த பொதுத்தேர்தல் நடந்தது. கலவரத்தோடு தொடர்புற்ற தேர்தல் திரும்பி வந்தது. தொடர்பற்ற தேர்தல் தண்டனை பெற்றது. இஃது எந்த ஊர் நியாயம்?

அடுத்து, என் சொந்த வட்டாரத்தைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. 2001 மார்ச்சில் கம்போங் மேடானிலும் அதனைச் சூழ்ந்த கம்பங்களிலும் மூண்ட மோதலில் 6 உயிர்கள் போயின. மாண்டோரில் பெரும்பாலோர் நம்மினத்தவர். வெட்டுக்காயத்தோடு மருத்துவமனைக்கு ஓடியவர்கள் பலர். அப்பொழுதும் ஊராட்சித் தேர்தல் இல்லை. அது நின்று 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. நெருக்கமான குடியிருப்பும் வறுமையும் அடிப்படை வசதியின்மையும் அந்நாளில் பலராலும் சுட்டப்பட்ட காரணங்கள். அவற்றுள் வீடு நீங்கலாக, கால்வாய், விளக்கு, திடல், குப்பை, கடை உரிமம் முதலிய பலவும் ஊராட்சியின் வேலைகள். தோட்டம் துண்டாடப்பட்டுப் புறம்போக்கில் ஒதுங்கிய தமிழரும், பிழைப்புத் தேடி வந்த மலாய்க்காரரும், இந்தோனேசியரும் ஒரே சேற்றில் நடந்தார்கள். அச்சேற்றைப் பற்றி ஒருங்கே அமர்ந்து பேச அவர்களுக்கு ஒரு பொதுமன்றம் இருக்கவில்லை. அவர்கள் அனைவரின் வாக்கையும் கேட்டு வாயிற்படி ஏற வேண்டிய ஓர் உறுப்பினரும் இருக்கவில்லை.

தேர்தல் இருந்திருந்தால் அக்கொடுமை நிகழ்ந்திராது என்று நான் சாதிக்கவில்லை. அவ்வாறு சாதிப்பது இறந்தோர்க்குச் செய்யும் அவமதிப்பு. ஆனால் ஊராட்சித் தேர்தல்தான் இனப்பகையின் விதை என்போர் எனக்கு ஒன்றை விளக்க வேண்டும். விதையில்லாத நிலத்தில் இரண்டு முறை அந்நச்சுச் செடி முளைத்தது எவ்வாறு?

மற்றோர் உண்மையும் உண்டு. 1952 கோலாலம்பூர்த் தேர்தலில்தான் அம்னோவும் ம.சீ.ச.வும் முதன்முறையாகக் கைகோத்து நின்று 12 இடங்களில் 9 இடங்களை வென்றன. நாட்டை அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்ட இனங்களின் கூட்டணி என்னும் ஏற்பாடு பிறந்த தொட்டில், ஒரு நகராண்மைத் தேர்தல். வாக்குக்காகவேனும் ஓரினத்தார் மற்றோரினத்தார் கதவைத் தட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். தாயின் மடியையே ஆபத்தென்று கூறும் பிள்ளையை என்னவென்பது?

நமக்கு ஓரிடம் கிடைக்கிறதே என்னும் மயக்கம்

இனி, என் சொந்தச் சமுதாயத்தோடு வழக்காட வேண்டியிருக்கிறது. பிறர் வாதத்தைவிட நம்மவர் வாதமே எனக்குப் பெரிய தடையாகத் தோன்றுகிறது. "தலைவரே, தேர்தல் வைத்தால் எண்ணிக்கையில் சிறிய நமக்கு என்ன கிடைக்கும்? இப்பொழுதாவது நியமனத்தில் இந்தியர் என்று இரண்டு மூன்று பேரைப் போடுகிறார்கள். அதையும் கெடுக்காதீர்கள்" என்று சங்கக் கூட்டமொன்றில் என் வயதொத்த நண்பரொருவர் என்னிடமே சொன்னார். மண்டபத்தில் பலர் தலையசைத்தனர். அவர்கள் அறிவிலிகள் அல்லர், அடிபட்டவர்கள். அவர்தம் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் அவர்தம் முடிவை மறுக்கிறேன்.

நியமனம் பெற்றவர் யாருக்குக் கடன்பட்டவர்? நியமித்தவருக்கு. கட்சி பரிந்துரைக்கும்; மாநில அரசு கடிதம் கொடுக்கும்; தவணை முடிந்ததும் மீண்டும் கட்சியின் வாயிலில் நிற்க வேண்டும். நல்லவர் பலர் அப்பதவியில் உழைத்ததை நான் அறிவேன். மழையில் நனைந்து கால்வாயோரம் நின்றவர்களும் உண்டு. அது அவர்தம் நற்குணம், நமது உரிமையன்று. நல்லவர் வந்தால் நமக்கு நல்லூழ், அல்லாதவர் வந்தால் தீயூழ் என்று கிடப்பது குடிமக்கள் நிலையா? கொடையாளியின் முகம் பார்த்திருக்கும் இரவலன் நிலையன்றோ?

எண்ணிக்கையில் சிறியவர் வெல்ல முடியாது என்பதும் வரலாற்றோடு பொருந்தாத பேச்சு. 1957இல் நகரத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன்; நம்மவர்; தொழிற்கட்சியைச் சேர்ந்தவர்; நம்மைப்போல் ஆசிரியராக இருந்தவர். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. ஈப்போவில் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சீனிவாசகம் உடன்பிறப்புகளின் முற்போக்குக் கட்சி, சீனர் மிகுந்த அந்நகரின் மன்றத்தைத் தன் கையில் வைத்திருந்தது. அவர்களுக்கு எவரும் இந்தியர் ஒதுக்கீடு தரவில்லை. கால்வாயையும் வரியையும் வீட்டையும் பேசி, எல்லா இனத்தாரின் வாக்கையும் பெற்றார்கள். ஊர்ப் பிரச்சினையில் இனத்தைவிட முகவரி வலியது. அடைத்துக்கொண்ட கால்வாய் யார் வீட்டுக்குள் நுழையும்போதும் அடையாள அட்டையைக் கேட்பதில்லை.

நம் கோயில் நிருவாகத் தேர்தல்களைக் காட்டி, "இவர்களா வாக்களிக்கத் தகுந்தவர்கள்?" என்று ஏளனம் செய்வோரும் உளர். நாற்காலி பறந்த கூட்டங்களை நானும் கண்டதுண்டு. நீந்தத் தெரியாதவனை ஆற்றங்கரையிலிருந்தே விரட்டிவிட்டு, "இவனுக்கு நீந்தத் தெரியாது" என்று பறைசாற்றுவது அறிவுடைமையாகாது. கணக்குக் கேட்கும் பழக்கம் பொதுவாழ்வில் இருந்தால் கோயிலிலும் வரும்.

அமெரிக்க மாநிலங்கள் காட்டும் இருமுகம்

ஊர்வாக்கு வந்துவிட்டால் எல்லாத் துன்பமும் நீங்கிவிடும் என்று கூறும் மயக்கம் எனக்கில்லை. இதனைத் தெளிய, மக்கள் கையில் மிகப் பெரிய வாக்குரிமையை ஒப்படைத்த ஒரு நாட்டின் வரலாற்றைப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், சட்டமன்றங்கள் இருப்புப்பாதை முதலாளிகளின் பணப்பைக்குள் கிடந்தன. வெகுண்ட மக்கள், சட்டமன்றத்தை நம்பாமல் சட்டத்தை நாமே இயற்றுவோம் என்றனர். 1898இல் தென் டகோட்டாவும், 1902இல் ஓரிகனும் அவ்வழியைத் திறந்தன. குறித்த அளவு வாக்காளர் கையொப்பமிட்டால், மக்கள் முன்மொழியும் சட்டம் நேரே வாக்குச்சீட்டில் ஏறும். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையும் பொதுவாக்கெடுப்புக்கு இழுக்கலாம். ஓரிகனில் இத்திருத்தத்துக்கு ஆதரவாக 62,024 வாக்குகளும் எதிராக 5,668 வாக்குகளும் விழுந்தன. இதற்காக ஓயாது உழைத்த வில்லியம் யூரென் என்பவர் இளமையில் கொல்லுப்பட்டறையில் தொழில் பயின்றவர். 1903இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம், தவறிழைத்த உறுப்பினரைத் தவணை முடியும் முன்பே மக்கள் திருப்பி அழைக்கும் முறையைத் தன் சாசனத்தில் சேர்த்தது. மறு ஆண்டே நகர்மன்ற உறுப்பினர் ஒருவரை அம்முறையால் வீட்டுக்கு அனுப்பியது.

1911 அக்டோபர் 10இல் கலிபோர்னியா மாநிலம் இம்மூன்று உரிமைகளையும் ஒருசேர ஏற்றது. அதே நாளில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் திருத்தமும் நிறைவேறியது. வேறுபாடு 3,587 வாக்குகள்தாம். ஓரிகன் பெண்களின் பொறுமை இதனினும் பெரிது. 1884, 1900, 1906, 1908, 1910 என ஐந்து முறை வாக்குப் பெட்டியில் தோற்று, 1912இல் ஆறாம் முறை வென்றார்கள். ஒருமுறை கேட்டு இல்லையென்றதும் படுத்துவிடும் நமக்கு அதில் பாடமுண்டு.

இது வெளிச்ச முகம். இருண்ட முகமும் உண்டு. 1910இல் ஓக்லகோமா மாநிலத்தில் அதே மக்கள் முன்மொழிவு முறையைக் கொண்டே, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் எழுத்தறிவுத் தேர்வு புகுத்தப்பட்டது. பாட்டன் வாக்களித்திருந்தால் பேரனுக்குத் தேர்வில்லை என்பது விதி; கறுப்பினத்தவரின் பாட்டன்மாரோ அடிமைகள். 1915இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. 1920இல் கலிபோர்னிய மக்கள், ஆசியரை நிலவுடைமையிலிருந்து விலக்கும் சட்டத்தைப் பெரும்பான்மை வாக்கால் கடுமையாக்கினர். சப்பானியரைக் குறிவைத்த அச்சட்டம், இந்தியருக்குக் குடியுரிமை இல்லையென்று 1923இல் தீர்ப்பான பின் பஞ்சாபி உழவர்களையும் தாக்கிற்று. வாக்குப் பெட்டி அறத்தையும் பெற்றெடுக்கும், அநீதியையும் பெற்றெடுக்கும்.

அமெரிக்கரைப் பழிக்குமுன் நம் முகத்தையும் கண்ணாடியில் பார்ப்போம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டதனாலேயே 1996 முதல் 2006 வரை தேர்தலை முறையாக நடக்கவிடாமல் ஆதிக்கச் சாதியார் தடுத்தனர். செய்தவர்கள் தமிழர்கள், குடவோலையைப் பெருமை பேசும் அதே தமிழர்கள். இறுதியில் சட்டமும் அரசின் உறுதியும் நின்றமையால்தான் 2006இல் அங்கே முறையான தேர்தல் நடந்தது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாது? வாக்கைக் கண்டு அஞ்சி ஓடுவதன்று. வேலியோடு கூடிய வாக்கைக் கேட்பது. சிறுபான்மையினராகிய நாம் வாக்குரிமையை எதிர்த்து நின்றால், பெரும்பான்மையினர் நாளை தம் விருப்பப்படி ஒருவகைத் தேர்தலைக் கொண்டு வரும்போது, அதன் வேலியைப் பற்றிப் பேச நமக்கு வாய் இராது.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருத்தல் வேண்டும். முதலாவது, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு நீக்கப்பட்டு ஊராட்சித் தேர்தல் மீளல் வேண்டும். தலைநகரும் அதில் அடங்க வேண்டும். இரண்டாவது, வட்டாரத் தொகுதிகளோடு, கட்சிகளும் குழுக்களும் பெறும் வாக்கு விகிதப்படி நிரப்பப்படும் இடங்களும் இருக்க வேண்டும். சிதறி வாழும் சிறுபான்மையின் வாக்கு அப்பொழுதுதான் சிதறாது. மூன்றாவது, வழிபாட்டிடம், இடுகாடு, தாய்மொழிப் பள்ளி ஆகியவற்றை அடுத்திருப்போரின் பெரும்பான்மை வாக்கைக் கொண்டு அகற்ற முடியாதபடி சட்டக் காப்பு வேண்டும். நான்காவது, மதிப்பீட்டு வரியாக வந்த ஒவ்வொரு வெள்ளியும் எங்கே போயிற்று என்னும் கணக்கு, ஆண்டுதோறும் மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியிடப்பட வேண்டும். ஐந்தாவது, குற்றம் கண்ட உறுப்பினரைத் திருப்பி அழைக்க மக்களுக்கு வழி வேண்டும்.

கடைசி இரண்டும் புதியவையா? கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது, குற்றம் கண்டவன் நிற்கக்கூடாது என்று உத்திரமேரூர்க் கல் சொன்னதைத்தானே கேட்கிறோம்? குடவோலையை உண்மையில் போற்றுவது இவ்வாறு கேட்பதுதான்.

ஆசிரியர் கடன்

"அரசு ஊழியராகிய நாம் அரசியல் பேசலாமா?" என்று ஐயுறும் ஆசிரிய நண்பர்க்கு ஒரு சொல். கட்சிக்கு வாக்குக் கேட்பது அரசியல். உன் ஊரை ஆள்பவர் யார், அவர் எவ்வாறு அப்பதவிக்கு வந்தார், முன்பு எவ்வாறு வந்தார் என்று மாணவனுக்கு உண்மையைச் சொல்வது கல்வி. ஆதி நாகப்பன் ஆணையத்தின் வரலாறு எத்தனைத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் இருக்கிறது? இராமநாதன் என்னும் ஆசிரியர் ஒரு மாநகரின் முதல் மேயராக இருந்த செய்தியை எத்தனை மாணவர் அறிவர்? பயிற்சிக் கல்லூரியில் எனக்கு அதனை எவரும் சொல்லவில்லை. நானும் என் மாணவர்க்கு இருபது ஆண்டுகள் சொல்லாமலேயே இருந்தேன்.

அன்று பரிசு வாங்கிய மாணவனிடம் நான் ஒரு வேலை கொடுத்தேன். அந்தக் கால்வாயைப் பற்றி அவன் கைப்பட ஒரு கடிதம் எழுத வேண்டும். யாருக்கு அனுப்புவது என்பதையும் அவனே கண்டுபிடிக்க வேண்டும். பத்து நாள் கழித்து அவன் ஒரு பெயரோடு வந்தான். அவன் தந்தை மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். கடிதம் போயிற்று, கால்வாயும் பின்பு தூர்வாரப்பட்டது. அதற்காக நன்றி சொன்னோம். ஆனால் அப்பிள்ளை என்னைக் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் விடையில்லை. "ஐயா, அவரை நாம தேர்ந்தெடுக்கலன்னா, அடுத்த முறை அவர் செய்யாட்டி நாம என்ன செய்யறது?"

அடுத்த பேச்சுப் போட்டியில் உத்திரமேரூரைப் பற்றி எழுதிக் கொடுக்கப் பேனா எடுக்கும் ஆசிரியப் பெருமக்களே! பத்தியின் முடிவில் இந்த ஒரு வினாவையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். கைதட்டல் குறையலாம். மதிப்பெண்ணும் குறையலாம். ஆயினும் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை எழும். கேட்டால்தான் கிடைக்கும், கேளாமற் கிடப்பவனுக்குக் குடமும் இல்லை, ஓலையும் இல்லை.